மறைந்தவர் நினைவாக 5 கிலோமீட்டர்: பிரிட்டனில் ரேஸ் ஃபார் லைஃப் ஓடுவது எப்படி?

வீட்டில் ஒருவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்கள் அவர் பெயரில் அன்னதானம் செய்வார்கள், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் அனுப்புவார்கள். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட கேன்சர் ரிசர்ச் யுகே என்ற தொண்டு அமைப்பு நடத்தும் ரேஸ் ஃபார் லைஃப் ஓட்டம்தான் அது. 1994-ல் லண்டனின் பேட்டர்சீ பூங்காவில் 680 பெண்களோடு தொடங்கியது. வெகுகாலம் பெண்களுக்கு மட்டுமே என்று இருந்து, 2019-ல் ஆண்களுக்கும் கதவு திறந்தது. ஓடிப் பழக்கமே இல்லாதவர் இதில் எப்படிச் சேருவது என்று பார்ப்போம். நம்மவர்களுக்கு ஓட்டம் அவ்வளவு கஷ்டமில்லை. வீட்டாரிடம் பேசுவதும் பணம் கேட்பதும்தான் கஷ்டம். அதனால் அவற்றுக்கே இங்கே அதிக இடம்.

1. பெயர் கொடுக்கும் முன் வீட்டில் கேளுங்கள்

இதைப் பலர் கடைசியில் செய்கிறார்கள். முதலில் செய்ய வேண்டியது இதுதான். நம் வீடுகளில் இந்த நோயின் பெயரைச் சொல்லவே தயங்குவோம். “உடம்பு முடியாமல் இருந்தாங்க” என்பதோடு பேச்சு நின்றுவிடும். இறந்தவரே கடைசிவரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றிருக்கலாம். அப்படியிருக்க, அவர் படத்தையும் நோயின் பெயரையும் இணையத்தில் போட்டால் அத்தைக்கோ பெரியப்பாவுக்கோ அது பேரதிர்ச்சி. கல்யாணப் பேச்சு நடக்கிற வீடென்றால் அதிர்ச்சி இன்னும் பெரிது.

மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். பெயர் போடலாமா? படம் போடலாமா? என்ன நோய் என்று எழுதலாமா? மூன்றாவதுக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். “அம்மாவின் நினைவாக” என்று எழுதினாலே போதும்.

தலைத்திவசம் முடியாத வீடென்றால் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். இந்த நிகழ்ச்சியில் பாட்டு இருக்கும், ஆட்டம் இருக்கும், எங்கு பார்த்தாலும் ரோஸ் நிறம். துக்கம் அனுஷ்டிக்கும் இடம் மாதிரியே இருக்காது. வருஷம் திரும்பட்டும் என்று பெரியவர்கள் சொன்னால் அடுத்த கோடையில் ஓடலாம். ஒன்றும் குறைந்துவிடாது.

2. தூரத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தல்

3, 5, 10 கிலோமீட்டர் என்று பிரிவுகள் உண்டு. எல்லா ஊரிலும் மூன்றும் இருக்காது. முதல் முறை என்றால் 5 போதும் என்பது என் கருத்து. துக்கத்தின் வேகத்தில் 10-க்குப் பெயர் கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில் அர்த்தமில்லை. முழுக்க நடந்தே முடித்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நடப்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள்.

பதிவுக் கட்டணம் வேறு, திரட்டும் நன்கொடை வேறு. லண்டன் மாரத்தானில் ஒரு தொண்டு அமைப்பின் சார்பில் இடம் வாங்கினால், ஆயிரக்கணக்கான பவுண்டு திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். இங்கே அந்தப் பாரம் இல்லை.

3. பயிற்சி

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் இலவசமாகத் தரும் ‘கவுச் டு ஃபைவ் கே’ செயலியைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒன்பது வாரத் திட்டம். வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. முதல் வாரம் 5 நிமிடம் விறுவிறுவென்று நடந்துவிட்டு, ஒரு நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாள் திடீரென்று 20 நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்லும். பலர் பயப்படுவது அந்த நாளுக்குத்தான். மெதுவாக ஓடினால் முடிந்துவிடும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் அவரோடு பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி என்று ஏதாவது இருந்தால் முதலில் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) ஒரு வார்த்தை. நல்ல ஓட்டக் காலணி ஒன்றுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதே போதும்.

4. பணம் கேட்பது

பதிவு செய்ததும் இணையத்தில் பணம் திரட்டும் பக்கம் ஒன்றைத் திறந்துவிடுங்கள். மொய் நோட்டில் தாய்மாமன் பெயர் முதலில் விழுவது போல, முதல் தொகையை நெருங்கிய ஒருவரைப் போடச் சொல்லுங்கள். பிறகு வருபவர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் தொகையை முடிவு செய்வார்கள். அது 10 பவுண்டா 50 பவுண்டா என்பதைக் கொஞ்சம் யோசித்தே சொல்லுங்கள்.

அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதலாம்:

“எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம் அப்பா நினைவாக 5 கிலோமீட்டர் ஓடப் போகிறேன். சேரும் பணம் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகும். முடிந்ததைக் கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டாலும், அப்பாவைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஒன்றை இங்கே எழுதுங்கள்.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பணம் கேட்டால் மௌனமாகிற குழு, கதை கேட்டால் பேச ஆரம்பித்துவிடும். சித்தப்பா பழைய படம் ஒன்றைத் தேடிப் போடுவார். அதற்குப் பிறகு பணமும் வரும்.

பிரிட்டனில் வரி கட்டுபவர், நன்கொடைக்கான கிஃப்ட் எய்டு என்ற வரிச் சலுகைத் திட்டத்துக்குச் சம்மதித்தால், அவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாகக் கிடைக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஆட்கள் கையில் ரொக்கமாகக் கொடுத்து “நீயே போட்டுடும்மா” என்பார்கள். நாலு பேர் பணத்தைச் சேர்த்து உங்கள் கார்டில் கட்டினால், அதற்குக் கிஃப்ட் எய்டு பெட்டியில் டிக் போடக் கூடாது. அது உங்கள் சொந்தப் பணம் இல்லையே. இங்கே வரி கட்டாத ஊர் உறவினர்களின் பணத்துக்கும் இது கிடையாது. ரொக்கம் தருபவருக்குக் கிஃப்ட் எய்டு வேண்டுமென்றால், அமைப்பின் ஸ்பான்சர் படிவத்தில் அவரே பெயர், வீட்டு முகவரி, தொகை எழுதி டிக் போட வேண்டும்.

5. முதுகுத் தாள்

யாருக்காக ஓடுகிறோம் என்று எழுதி முதுகில் குத்திக்கொள்ளும் தாள் ஒன்று இந்த ஓட்டத்தில் உண்டு. ரேஸ் ஃபார் லைஃபின் அடையாளமே அதுதான். முதல் நாள் இரவே எழுதிவிடுங்கள். மழையில் கரையாத மார்க்கர் பேனாவாக இருக்கட்டும். முழுப் பெயர் வேண்டாம், வீட்டில் கூப்பிட்ட பெயரே போதும். “அம்மாச்சிக்காக” என்று தமிழிலேயே எழுதலாம். பின்னால் வருபவர் அது என்ன மொழி, யார் அவர் என்று கேட்கக்கூடும். பதில் சொல்ல மனம் இல்லாத நாளாக இருந்தால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஊக்கு நாலைந்து கூடுதலாக எடுத்துப் போங்கள்.

6. ஓட்ட நாள்

ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள், கழிப்பறை வரிசை நீளம். வேகமாக ஓடுபவர்கள் முன்னால், நடப்பவர்கள் பின்னால் என்று பிரித்து அனுப்புவார்கள். முன்வரிசையில் போய் நிற்காதீர்கள். தொடங்கியதும் உங்களுக்கு முன்னால் போகிற முதுகுகளைப் படிக்க நேரும். “என் மகளுக்காக”, “அப்பாவுக்காக” என்று வரிசையாக வரும். தொண்டை அடைத்தால் மூச்சு வாங்கும், ஓட முடியாது. ஓரமாக ஒதுங்கி நடங்கள். அழுதுகொண்டே நடப்பவர் அங்கே நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்க மாட்டீர்கள்.

முடித்ததும் பதக்கத்தோடு ஒரு படம் எடுத்து, முதுகுத் தாளும் தெரிகிற மாதிரி இன்னொன்று எடுத்து, அதே குடும்பக் குழுவில் போடுங்கள். “கட்டாயம் போடுறேன்” என்று சொல்லி மறந்துபோனவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பணம் போடுவார்கள். அதனால் பக்கத்தை உடனே மூடிவிடாதீர்கள், லிங்க்கையும் படத்தோடு மறுபடி அனுப்புங்கள்.