ஊசி குத்திடுச்சா? புது ஹவுஸ் சர்ஜன்களுக்கு (பயிற்சி டாக்டர்களுக்கு)

போஸ்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஹெபடைட்டிஸ் பி (ரத்தம் வழியா பரவுற கல்லீரல் தொற்று) தடுப்பூசி 0, 1, 6 மாசம்னு மூணு டோஸும் முடிச்சிடுங்க, மூணாவதை மறந்துட்டு திரிஞ்சவங்க எங்க பேட்ச்ல நிறைய பேரு, நானும்தான். கடைசி டோஸ் போட்டு 1-2 மாசத்துல டைட்டர் (ரத்தத்துல எதிர்ப்பு சக்தி எவ்வளவுன்னு காட்டுற டெஸ்ட்) பாருங்க, 10 mIU/mL-க்கு மேல இருந்தா நிம்மதி. ரத்தம் எடுத்த ஊசிக்கு திருப்பி மூடி மாட்டவே மாட்டாதீங்க, நேரா கூர்மையான கழிவு போடுற வெள்ளை டப்பாதான். அப்படியும் குத்திட்டா விரலை பிதுக்காதீங்க, வாயில வைக்காதீங்க (பழக்கதோஷம், நிறைய பேர் வைக்கிறாங்க!), ஓடுற தண்ணியில சோப்பு போட்டு கழுவிட்டு, சீனியர் திட்டுவாரேன்னு மறைக்காம உடனே சொல்லி பேஷன்ட் ரத்தத்தை டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. பேஷன்ட்டுக்கு ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்னு வந்து உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இல்லன்னா 24 மணி நேரத்துக்குள்ள ஹெபடைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலின் (ரெடிமேட் எதிர்ப்பு சக்தி ஊசி), கூடவே தடுப்பூசியும். அதுக்காக பாசிட்டிவ் பேஷன்ட்டை தொட்டு பார்க்கவே தயங்குறது, கட்டில்ல சிவப்பு எழுத்துல ஒட்டி வைக்கிறதெல்லாம் வேணாம், தொட்டா ஒட்டிக்கிற வியாதி இல்லப்பா இது.