ஏலத்துக்கு ஒரு குயில்ட்: நேர்த்தையல் மட்டும் போதும்

நன்கொடை விழாவுக்குக் குயில்ட் (மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைத்துத் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டவர்கள் பெரும்பாலும் சறுக்குவது டிசைனில்தான். நட்சத்திரம், பூ என்று முனைக்கு முனை பொருந்த வேண்டியதை எடுத்தால் விழா நாள் வந்துவிடும், போர்வை வராது. முனை பொருத்தும் வேலையே இல்லாத முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் இதை 'ஜெல்லி ரோல் ரேஸ்' என்பார்கள். இரண்டரை இன்ச் அகலப் பட்டைகள் 40 எடுத்து, முனையோடு முனை சேர்த்து ஒரே நீள நாடாவாக்கி, அதை இரண்டாக மடித்துத் தைத்துக்கொண்டே போக வேண்டும். ஐந்தாவது மடிப்பில் 32 வரிசையுள்ள மேல்துணி கையில் இருக்கும். அகலம் சுமார் 52 இன்ச், நீளம் 64 இன்ச் வரும். பஸ் பயணத்துக்கும் சோபாவுக்கும் குழந்தைகளுக்கும் பொருத்தமான அளவு.

துணிக் கணக்கு எளிது. 40 பட்டைக்கு மொத்தம் 100 இன்ச் நீளம் வேண்டும். 44 இன்ச் பன்னாவில் (துணியின் அகலத்தில்) அது இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். துவைத்தால் சுருங்கும், ஓரம் நேராக்கினால் கொஞ்சம் போகும் என்பதால் 3 மீட்டராகக் கணக்கு வையுங்கள். அரை மீட்டருக்குக் குறைந்து கிழித்துத் தர மாட்டோம் என்று கடையில் சொன்னாலும் கவலையில்லை. ஆறு நிறத்தில் அரை அரை மீட்டர் வாங்கினால், ஒவ்வொன்றிலும் 7 பட்டை வீதம் 42 கிடைக்கும். இரண்டு கெட்டாலும் தாங்கும். ஆறில் ஒன்று நல்ல வெளிர் நிறமாகவும் ஒன்று நல்ல அடர் நிறமாகவும் இருக்கட்டும். எல்லாமே நடுத்தர நிறமாக இருந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் கலங்கலாகத்தான் தெரியும்.

பாப்ளின் போன்ற நெருக்கமான காட்டன் சிறந்தது. நன்கொடையாக வரும் துணிகளில் பனியன் துணியும் வழுக்கும் சிந்தெடிக்கும் வேண்டாம். முதலாவது இழுபடும், இரண்டாவது சூடான இஸ்திரிப்பெட்டியில் உருகும். எது என்று தெரியாவிட்டால் நான்கு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகித வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் கட்டியாக இறுகும். சுங்குடி அழகுதான், ஆனால் சாயம் விடுகிறதா என்று பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாக இஸ்திரி போட்டால் தெரிந்துவிடும். சிவப்பும் அரக்கும் கருநீலமும் வெள்ளையில் ஒட்டினால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி இறங்க வேண்டாம். ஏலத்தில் எடுத்தவர் முதல் சலவையிலேயே வெள்ளைப் பட்டை ரோஸ் நிறமானதைப் பார்த்தால், அடுத்த வருடம் உங்கள் மேசைப் பக்கம் வர மாட்டார்.

எல்லாத் துணியையும் துவைத்து, காய்ந்ததும் தேய்த்துவிட்டு வெட்டுங்கள். ஒரு ஓரத்தை மட்டும் கிழித்து நேர்நூல் கண்டுபிடிக்கலாம். பட்டைகளைக் கிழிக்கக் கூடாது, ஓரம் இழுபட்டு அலை அலையாகும். கரையோடு கரை சேர்த்துத் துணியை இரண்டாக மடித்து, மடிப்புக்குச் செங்குத்தாக ஸ்கேல் வைத்து வெட்ட வேண்டும். ஸ்கேல் சாய்ந்திருந்தால் விரித்த பட்டை மடிப்பு இருந்த இடத்தில் வளைந்திருக்கும். அப்படி ஒன்று வந்ததுமே நிறுத்தி ஓரத்தை மறுபடி நேராக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்தடுத்தும் அப்படியே வரும். ரோட்டரி கட்டரும் (சக்கரம் போன்ற கத்தி) அதற்கு அடியில் விரிக்கும் மேட்டும் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இல்லையென்றால் சாக்கில் கோடு போட்டுக் கத்தரிக்கோலில் வெட்டலாம். இரு முனையிலும் கரையை வெட்டி எறியுங்கள், கரை துணியைவிட இறுக்கமானது.

மிஷினில் புதிய 14 நம்பர் ஊசி, இன்ச்சுக்கு 10 தையல், ஓரத்திலிருந்து கால் இன்ச். மூன்று துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, தேய்த்து, நடுத்துண்டை அளந்து பாருங்கள். சரியாக 2 இன்ச் இருக்க வேண்டும். தையல் அரைக்கால் இன்ச் உள்ளே போனால் 31 தையலில் ஏறக்குறைய 8 இன்ச் நீளம் காணாமல் போகும். வெளியே போனால் அதைவிட மோசம், சலவையில் பிரிந்துவிடும். மூன்று பாபின் முன்பே சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். மேல்துணிக்கு மட்டுமே 40 மீட்டருக்கு மேல் தையல் ஓடும்.

பட்டைகளை நிறம் கலந்து அடுக்கி, இரண்டரை இன்ச் முனைகளை நேராகச் சேருங்கள். முதல் பட்டையும் கடைசிப் பட்டையும் ஒரே நிறமாக இருக்கக் கூடாது, மடிக்கும்போது அவை இரண்டும்தான் பக்கத்தில் வந்து உட்காரும். நாடா முடிந்ததும் ஒரு முனையில் 18 இன்ச் வெட்டி எடுத்துவிடுங்கள். எல்லாப் பட்டையும் ஒரே நீளம் என்பதால், இதைச் செய்யாவிட்டால் இணைப்புகள் வரிசைக்கு வரிசை ஒரே இடத்தில் குவிந்துவிடும்.

இனி நாடாவின் இரு முனைகளையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி சேர்த்து, ஒரு நீளவாட்டு ஓரத்தைத் தைத்துக்கொண்டே போங்கள். முதல் ஓட்டம்தான் நீண்டது, 830 இன்ச் வரும். குண்டூசி வேண்டாம், அடுத்த ஒன்றரை அடியை மட்டும் கையால் சேர்த்துப் பிடித்தால் போதும். கடைசியில் மடிப்பு வரும். அங்கே நாடா முறுக்கியிருந்தால் மடிப்பை வெட்டி முறுக்கை எடுத்துவிட்டுத் தையுங்கள், போவது ஓரிரு இன்ச்தான். முறுக்காவிட்டாலும் மடிப்பை வெட்டத்தான் வேண்டும். பிறகு மறுபடி முனையோடு முனை, மறுபடி தையல். வரிசைகள் 2, 4, 8, 16, 32 என்று ஏறும்.

இந்த இடத்தில் வரும் கோளாறு ஒன்றே ஒன்று: மேல்துணி வில்லாக வளைவது. துணியை நகர்த்தும் மிஷின் பல், கீழே இருக்கும் பட்டையை மேலே இருப்பதைவிட வேகமாக இழுக்கிறது. நாமும் சேர்ந்து முன்னால் இழுத்தால் வளைவு கூடும். துணியை வெறுமனே வழிகாட்டுங்கள், ஒரு தையலை இந்த முனையிலிருந்தும் அடுத்ததை மறு முனையிலிருந்தும் தொடங்குங்கள். தேய்ப்பதை நான்கு வரிசை ஆன பிறகு தொடங்கினால் போதும். இஸ்திரிப்பெட்டியை வைத்து எடுங்கள், தள்ளினால் துணி நீளும்.

அடித்துணிக்கு மீட்டர் கணக்கில் வாங்குவதைவிட 60-க்கு 90 இன்ச் ஒற்றைக் கட்டில் பெட்ஷீட் மலிவு, ஒட்டுப் போடவும் வேண்டியதில்லை. நடுவில் வைக்க, சமவெளிக்கு ஃபிளானல் அல்லது மெல்லிய காட்டன் விரிப்பு போதும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குத்தான் 100 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 100 கிராம்) பாலியெஸ்டர் பஞ்சு ஷீட். தடியாக வைத்தால் விலை கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சென்னைக்காரர் அதை எடுத்து எங்கே போர்த்துவார்?

முடிப்பதற்குப் பைப்பிங் வேண்டாம், தலையணை உறைபோலத் திருப்பிவிடலாம். கீழே நடு அடுக்குக்கான விரிப்பு அல்லது பஞ்சு ஷீட், அதன்மேல் நல்ல பக்கம் மேலே பார்த்தபடி அடித்துணி, அதன்மேல் நல்ல பக்கம் கீழே பார்த்தபடி மேல்துணி. நடுவிலிருந்து வெளியே தடவி, ஓரம் முழுக்க 4 இன்ச்சுக்கு ஒரு குண்டூசி. அரை இன்ச் விட்டுச் சுற்றித் தைத்து, ஒரு பக்க நடுவில் 15 இன்ச் வாய் விடுங்கள். வாயின் இரு முனையிலும் பின்தையல் கட்டாயம், இல்லாவிட்டால் திருப்பும்போது அங்கேதான் பிரியும். மிஞ்சியதை வெட்டி, மூலைகளைச் சாய்வாக நறுக்கி, திருப்பி, வாயைக் கைத்தையலில் மூடுங்கள். பிறகு ஓரத்திலிருந்து அரை இன்ச்சில் ஒரு சுற்று மேல்தையல்.

மூன்று அடுக்கும் நகராதிருக்க 5 இன்ச்சுக்கு ஒரு முடிச்சு போடலாம். ஆறு இழை எம்பிராய்டரி நூலை மேலிருந்து குத்தி எடுத்து, வலம் மேல் ஒருமுறை, இடம் மேல் ஒருமுறை கட்டி, முக்கால் இன்ச் விட்டு வெட்டுங்கள். ஓரம் மூடிய போர்வையில் மிஷின் கோடு ஓட்டினால் சுருக்கம் போக வழியில்லாமல் நடுவில் மடிந்து நிற்கும், அதனால்தான் முடிச்சு. கைக்குழந்தைகளுக்குப் போகும் போர்வையில் மட்டும் முடிச்சு கூடாது, வாயில் வைத்து இழுப்பார்கள். அதற்கு நடு அடுக்கே இல்லாமல் இரண்டு துணியோடு நிறுத்தி, இணைப்புகளின் மேல் சில கோடுகள் ஓட்டிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. டிக்கெட் விற்றுக் குலுக்குவதைவிட ஏலமே பத்திரம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் ராஃபிள் (டிக்கெட் விற்றுக் குலுக்குவது) நடத்தும் சங்கங்கள் அதற்கு உரிமம் வாங்க வேண்டும். தொடக்க விலை துணி, பஞ்சு, நூல் செலவுக்குக் கீழே போக வேண்டாம். துணி வகையையும் "குளிர்ந்த நீர், தனியாகத் துவைக்கவும்" என்பதையும் எழுதிய சிறு துணி லேபிளை அடிப்பக்க மூலையில் தைத்துவிடுங்கள். ஏல மேசையில் மடித்து வைக்காதீர்கள், கொடியில் விரித்துக் கிளிப் போடுங்கள்.