பைத்தான் 3.9-இலிருந்து 3.13-க்கு: உடையாமல் மாறுவது எப்படி?

பைத்தான் நிரல்மொழியின் 3.9 பதிப்பு வந்தது 2020 அக்டோபரில். ஐந்து வருட ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. உங்கள் நிரல் நாளைக்கே நின்றுவிடாது. ஆனால் இனி ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிந்தாலும் 3.9-க்கு அதிகாரப்பூர்வத் திருத்தம் வராது. 3.13-க்கு 2029 அக்டோபர் வரை ஆதரவு உண்டு, அதனால் அதற்கே போவோம்.

1. பழையதைத் தொடாதீர்கள்

புதிய பதிப்பைப் பழையதன் பக்கத்திலேயே நிறுவுங்கள். லினக்ஸில் சிஸ்டத்தோடு வந்த பைத்தானை நீக்கவே கூடாது. சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பல அதை நம்பித்தான் ஓடுகின்றன.

2. பழைய பதிப்பிலேயே எச்சரிக்கைகளைப் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இதுதான். ஒரு வசதியை நீக்குவதற்கு முன் பைத்தான் "டெப்ரிகேஷன் வார்னிங்" கொடுக்கும். சாதாரணமாக ஓட்டினால் இவற்றில் பல கண்ணில் படாது. டெஸ்ட்களை, அதாவது உங்கள் நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்களை, பைடெஸ்ட் என்ற கருவி வைத்து ஓட்டினால், முடிவில் பட்டியலாக வரும். டெஸ்ட்டே எழுதவில்லையா? முக்கியமான நாலைந்து ஃபங்ஷன்களுக்காவது இப்போதே எழுதிவிடுங்கள்.

3.9 எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நிரல்களை மற்றவர்கள் நிறுவும்படி தொகுக்க உதவிய டிஸ்ட்யூடில்ஸ் 3.12-இல் நீக்கப்பட்டது, ஆனால் அதற்கான எச்சரிக்கை 3.10-இல்தான் தொடங்குகிறது. வலைத்தள நிரல்களுக்கான சிஜிஐ மாட்யூல் 3.13-இல் போனது, எச்சரிக்கை 3.11-இல் வந்தது. அதனால் நடுவில் 3.11-இல் ஒருமுறை டெஸ்ட்களை ஓட்டிவிட்டு மேலே போங்கள். அரை மணி நேர வேலை, பிறகு ஒரு நாள் மிச்சமாகும்.

3. புதிய விர்ச்சுவல் என்விரான்மென்ட்

ஒரு நிரலுக்குத் தேவையான பைத்தானையும் பேக்கேஜ்களையும் (நிறுவிப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) தனியாக வைக்கும் ஃபோல்டர்தான் இது. பழையதை நகலெடுக்காதீர்கள், வேலை செய்யாது. 3.13-ஐக் கொண்டு புதிதாக உருவாக்கி, நீங்கள் நேரடியாகப் பயன்படுத்தும் பேக்கேஜ்களை மட்டும் நிறுவுங்கள். மற்றவற்றை, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப் தானே இழுத்து வரும். அப்புறம் டெஸ்ட்களை ஓட்டி, விழும் பிழைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். "செட்அப்டூல்ஸ் இல்லை" என்று வந்தால் பயப்பட வேண்டாம். பேக்கேஜ்களை உருவாக்க உதவும் அந்தக் கருவி 3.12 முதல் புதிய என்விரான்மென்ட்டில் தானாக வருவதில்லை, தனியாக நிறுவினால் போதும்.

டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சேவை ஏதாவது வைத்திருந்தால், அதற்கான யாம்ல் அமைப்புக் கோப்பில் பதிப்பு எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். வெறும் 3.10 என்று எழுதினால் யாம்ல் அதைத் தசம எண்ணாகப் படித்து 3.1 ஆக்கிவிடும்! 3.1 கிடைக்கவில்லை என்ற பிழையைப் பார்த்து முழித்தவர்களில் நானும் ஒருவன்.

4. பழைய பதிப்பைக் கைவிடுவது

உங்கள் நிரலை மற்றவர்களும் நிறுவுகிறார்கள் என்றால் மட்டும் இந்தப் படி. உங்கள் பேக்கேஜின் விவரங்கள் இருக்கும் பைப்ராஜெக்ட் டாம்ல் கோப்பில் "ரிக்வயர்ஸ் பைத்தான்" என்ற வரியில் 3.10 அல்லது அதற்கு மேல் என்று குறியுங்கள். அப்போது 3.9 வைத்திருப்பவரின் பிப் புதிய வெளியீட்டைத் தாண்டி, அவருக்குப் பொருந்தும் பழைய வெளியீட்டை எடுத்துக்கொள்ளும். யாருக்கும் எதுவும் உடையாது.

ஒருமுறை நான் இந்த வரியை மறந்தேன். 3.10-இல் வந்த மேட்ச் வசதியைப் பயன்படுத்தி வெளியிட்டுவிட்டேன். 3.9-இல் இருந்தவர்களுக்கு இம்போர்ட் செய்த உடனே சின்டேக்ஸ் எரர். சரி, வரியைச் சேர்த்து அடுத்த வெளியீட்டைப் போட்டேன். அப்படியும் தீரவில்லை. பிப் அந்தப் புதியதைத் தவிர்த்துவிட்டு, வரி இல்லாத அதே உடைந்த வெளியீட்டையே போய் எடுத்தது. கடைசியில், பிப் பேக்கேஜ்களை எடுக்கும் பைபிஐ தளத்தில் உடைந்த வெளியீட்டை "யாங்க்" செய்த (பிப் தானாக எடுக்காதபடி விலக்கிய) பிறகுதான் புகார்கள் நின்றன.

வரியைச் சேர்த்த பிறகு, 3.9-க்காக மட்டும் எழுதிய இஃப் எல்ஸ் பகுதிகளை அழித்துவிடலாம். பழைய எழுத்துமுறையைப் புதியதாக மாற்ற பைஅப்கிரேட் கருவி இருக்கிறது. அது செய்யும் மாற்றங்களைத் தனி கமிட்டாக (தனிச் சேமிப்புப் பதிவாக) வையுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் அதை மட்டும் திரும்பப் பெறலாம்.