பழைய யூதக் குடும்பப் படத்துக்கு ஊரும் காலமும் கண்டுபிடிக்க

படம் கைக்கு வந்ததும் முதலில் திருப்பிப் பாருங்கள். கடையில் ஸ்கேன் போட்டுக் கொடுப்பவள் சொல்கிறேன், முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அதிகம் பேசும்: ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் ஒரு பெயர், சிலவற்றில் எபிரேய எழுத்து. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விளக்கைச் சாய்த்தால் மங்கிய பென்சிலும் தெரியும்.

சிங்கப்பூருக்கு வந்த யூதர்களில் பலர் பாக்தாத் வம்சாவளியினர். தாத்தா நீண்ட அங்கியிலும் பேரன் கோட்டு சூட்டிலும் ஒரே படத்தில் நிற்பதுண்டு. அப்படி ஒன்று வந்தால் அன்றைக்கு எனக்கு மற்ற வேலை ஓடாது!

பின்னணியில் கட்டடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. செலிகி சாலை முனையில், முகப்பில் ஆறுமுனை நட்சத்திரமா? டேவிட் எலையஸ் கட்டடம். அது 1928ல் கட்டியது, படத்தின் காலத்தை அதற்கு முன்னால் கொண்டு போகாதீர்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில், நம் கிருஷ்ணன் கோயில் இருக்கும் அதே தெருவில், மகேன் அபோத் தொழுகைக்கூடம் 1878லிருந்து நிற்கிறது. ஆக்ஸ்லி ரைஸில் உள்ள செசெட் எல் தொழுகைக்கூடம் 1905ல் கட்டியது.

வாசல் நிலையில் சின்னக் குழல் போல ஏதாவது தெரிந்தால் அது மெசூசா, வேத வாசகச் சுருளை உள்ளே வைத்து யூத வீட்டு வாசலில் பொருத்துவது. பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ‘சனிக்கிழமைக் கல்யாணம்’ என்று குறிப்பிருந்தால் நம்பாதீர்கள். சனிக்கிழமைப் பகல் அவர்களுக்கு ஓய்வுநாள், அப்போது யூதர்கள் கல்யாணம் வைப்பதில்லை.

ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), பின்பக்கமும் சேர்த்து. படத்தில் பேனாவால் எதுவும் எழுத வேண்டாம்.