சமையலறைத் திரைச்சீலை: முதல் தையலுக்கு

சமையலறைக்குப் பருத்தித் துணியே நல்லது. அடிக்கடி துவைக்கலாம், சூட்டில் செயற்கை இழைபோல் உருகாது. ஆனாலும் தீப்பிடிக்கும், அடுப்பை ஒட்டிய ஜன்னலுக்குத் திரையே வேண்டாம்.

வெட்டும் முன் துணியை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் சலவையிலேயே திரை சுருங்கிக் குட்டையாகிவிடும். நெருக்கமாக நெய்த கரை மற்ற இடத்தைவிட அதிகம் சுருங்கும் என்பதால் அதையும் வெட்டி எடுங்கள்.

அகலம் கம்பி நீளத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. 100 செ.மீ. கம்பிக்கு இரண்டு திரை என்றால் ஒவ்வொன்றும் 75 செ.மீ.; இரு பக்க மடிப்புக்கும் சேர்த்து 6 செ.மீ. கூட்டி 81. உயரம் 90 வேண்டுமானால் மேலே 5.5, கீழே 6 சேர்த்து 101.5 செ.மீ. வெட்டுங்கள்.

முதலில் பக்கங்கள்: 1 செ.மீ. மடித்து இஸ்திரி, மறுபடி 2 செ.மீ. மடித்துத் தையல். அடுத்து மேல்புறம்: 1 செ.மீ., பிறகு 4.5 செ.மீ. மடித்து, உள்மடிப்பின் விளிம்பை ஒட்டித் தையுங்கள். இந்த வரிசை மாறினால் பக்கத் தையல் கம்பி நுழையும் வாயை அடைத்துவிடும். 4.5 என்பது 2 செ.மீ. விட்டமுள்ள கம்பிக்கு, அதன் சுற்றளவு சுமார் 6.3, அதில் பாதியோடு தாராளமாக ஒரு செ.மீ. விட்டால்தான் திரை தடையின்றி நகரும்.

14ஆம் எண் ஊசி, 3 மி.மீ. தையல் போதும். துணியைக் கையால் இழுக்காதீர்கள், ஓரம் அலையலையாகிவிடும். தையல் சுருங்கினால் மேல்நூலின் இறுக்கத்தைச் சற்றுக் குறைத்து, வெட்டி மிஞ்சிய துண்டில் தைத்துப் பாருங்கள்.

அடிப்புறத்தை உடனே தைக்க வேண்டாம். திரையை ஒரு நாள் தொங்கவிட்டு, தொங்கிய நிலையிலேயே குண்டூசி குத்தி அளவு பார்த்து, 1 செ.மீ., 5 செ.மீ. என மடித்துத் தையுங்கள்.