மூளை அலையில் பட்டம் விட வைப்பது எப்படி

நெற்றியில் ஒரு சென்சார், இடது காதில் ஒரு கிளிப். மூளை அலையை அளக்கும் மைண்ட்வேவ் வகை ஹெட்செட் என்றால் அவ்வளவுதான். பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்காக அதை வைத்து ஒரு பட்ட விளையாட்டு செய்திருக்கிறேன். கவனம் கூடினால் பட்டம் ஏறும், இடம் வலம் திருப்ப கீபோர்டின் அம்புக்குறிகள். நிரல் எழுதுவது கல்லூரி மாணவருக்கே கைவந்துவிடும். ஆடுகிறவருக்கு 'பட்டம் என் பேச்சைக் கேட்கிறது' என்று தோன்ற வைப்பதில்தான் எல்லாரும் திணறுகிறார்கள். இப்படி ஒன்றைச் செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை நெற்றியைத் துடைப்பது. மூளையிலிருந்து தோலுக்கு வந்து சேரும் சிக்னல் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவில்தான் இருக்கும். சென்சார் உட்காருவது இடது புருவத்துக்கு மேலே. நம் ஊரில் அந்த இடத்தில் விபூதியும் வழிந்த தேங்காய் எண்ணெயும் இருக்கும். கேட்டுவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். தோடு போட்டவர்களிடம் கழற்றச் சொல்ல வேண்டாம், பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். கிளிப்பைக் கொஞ்சம் மேலே தள்ளி மாட்டினால் போதும்.

தொடர்பின் தரத்தை ஹெட்செட்டே 0 முதல் 200 வரை ஓர் எண்ணாக அனுப்பும். 0 என்றால் நன்றாக ஒட்டியிருக்கிறது, 200 என்றால் தோலில் படவே இல்லை. கவனத்துக்குத் தனியாக 0 முதல் 100 வரை இன்னொரு எண். அதில் 0 வந்தால் 'கணக்கிட முடியவில்லை' என்று பொருள். இதைக் கவனிக்காமல் 0 வந்ததும் பட்டத்தைக் கீழே போட்டுவிட்டால், உயிரைக் கொடுத்து ஆடும் பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும். தொடர்பு கெட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, 'சென்சாரைச் சரிசெய்யுங்கள்' என்று திரையில் காட்டுங்கள்.

கவன எண் நொடிக்கு ஒரு முறைதான் புதிதாக வரும். ஆகவே தாவுவது, சுடுவது போன்ற வேலைகளை அதனிடம் கொடுக்காதீர்கள். மெதுவாக ஏறி இறங்கும் ஒன்றைக் கொடுங்கள். நான் பட்டத்தை எடுத்தது அதனால்தான். கடைசி நான்கைந்து எண்களின் சராசரியில் உயரத்தை ஓடவிட்டால் பட்டம் உதறாமல் மிதக்கும். பட்டம் ஏறத் தொடங்கும் எல்லையையும் ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். ஒருவர் சும்மா உட்கார்ந்தாலே 60 காட்டும், இன்னொருவர் முக்கி முக்கி 45 தாண்டமாட்டார். ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிடம் சும்மா படம் பார்க்க வைத்து, அந்தச் சராசரியைத் தரைமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்தது நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில், ஆடுகிறவரின் ஆல்ஃபா அலையை (மனம் அமைதியானால் கூடும் மூளை அலை) அவரது பாத்திரத்தின் உருமாற்றத்துடன் இணைத்தார்கள். பதற்றமானால் கரடி, அமைதியானால் எல்ஃப் என்ற மனிதச் சாயல் உருவம். நடப்பதும் அடிப்பதும் வழக்கம்போல் கையால். சண்டையில் மனம் தானாகவே பதறும், பதறினால் கரடியாகும், சண்டைக்குத் தேவையும் கரடிதான். ஆடுகிறவர் சிக்னலுக்காகத் தனியாக எதுவும் நடிக்க வேண்டியதில்லை.

அப்புறம், சும்மா இருக்கவும் இடம் விடுங்கள். சூரிச் அருகே 2016 அக்டோபரில் நடந்த சைபத்லான் போட்டியில், கை கால் செயலிழந்தவர்கள் மூளைச் சிக்னலால் ஓட்டப்பந்தய விளையாட்டு ஆடினார்கள். பாதையில் மூன்று வண்ணங்களுக்கு மூன்று கட்டளைகள். சாம்பல் நிறப் பகுதியில் கட்டளையே அனுப்பக் கூடாது, அனுப்பினால் வேகம் குறையும். மூளை ஓயாமல் ஏதாவது செய்துகொண்டே இருப்பதால், எதையும் அனுப்பாமல் இருப்பதே அங்கே ஒரு திறமை. நம் ஒற்றைச் சென்சாருக்கு அவ்வளவு கடுமை வேண்டாம். இரண்டு மேகங்களுக்கு நடுவே காற்று தானாகப் பட்டத்தைத் தாங்கும் இடைவெளி ஒன்று வைத்திருக்கிறேன். அங்கே வந்ததும் பிள்ளைகள் மூச்சு விடுவது கண்ணுக்கே தெரியும்.

இனி சோதனை. திரையைப் பார்க்காதீர்கள், ஆடுகிறவர் முகத்தைப் பாருங்கள். புருவத்தை நெரித்து, பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி ஆடுவார்கள். நெற்றித் தசையும் கண் சிமிட்டலும் எழுப்பும் மின்னழுத்தம் மூளையுடையதைவிடப் பல மடங்கு பெரிது, அது எண்ணைக் குழப்பும். ஆட்டம் முடிந்ததும் 'மனசுக்குள் என்ன பண்ணினீங்க?' என்று கேளுங்கள். 'பதினேழாம் வாய்ப்பாடு சொன்னேன்', 'பட்டத்தோட வாலையே பார்த்தேன்' என்று பதில் வரும். 'தெரியல, சும்மா முறைச்சேன்' என்பவரை முகத்தைத் தளர்த்தி மறுபடி ஆடச் சொல்லுங்கள். பட்டம் ஏறவில்லை என்றால் முதல் ஆட்டம் புருவத்தின் புண்ணியம் என்று சந்தேகிக்கலாம். கண் சிமிட்டலையே ஒரு பொத்தானாக வைப்பதிலும் தப்பில்லை, அதை 'மூளைச் சக்தி' என்று விளம்பரம் செய்யாதவரை.

இன்னொரு சோதனை கொஞ்சம் குறும்பானது. முன்பு ஆடிய வேறொருவரின் சிக்னல் பதிவை ஓடவிட்டு, இப்போது ஆடுகிறவரைத் தானே பட்டத்தை ஓட்டுவதாக நினைக்க வைப்பது. அப்போதும் பலர் 'நான்தான் ஏற்றினேன்' என்று சாதிப்பார்கள். தன் பதிவுக்கும் அடுத்தவர் பதிவுக்கும் ஒருவருக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றால் உங்கள் விளையாட்டில் கட்டுப்பாடு இல்லை, அலங்காரம்தான் இருக்கிறது. முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

மூன்று நிமிடத்துக்கு மேல் ஓர் ஆட்டம் வேண்டாம், காது மடல் வலிக்கும், சலிப்பும் வரும். திரையில் பொருள்களை மினுக்கி, பார்க்கும் திசையைப் பின்மண்டைச் சிக்னலில் கண்டுபிடிக்கும் வகை விளையாட்டும் உண்டு. அதற்குப் போனால், வலிப்பு வந்ததுண்டா என்று முதலிலேயே கேட்டாக வேண்டும்.

கண்காட்சியில் எனக்குப் பெரிய தலைவலி பெற்றோர்கள். பிள்ளைக்கு 38 காட்டியதும், 'அதான் இவன் படிக்கிறதில்ல' என்று அங்கேயே அர்ச்சனை தொடங்கிவிடும். எந்தச் சூத்திரத்தில் அந்த எண் வருகிறது என்பதைத் தயாரிப்பாளர் வெளியிடவில்லை. சென்சார் அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலும் மாறும். மதிப்பெண்ணுக்கும் அதற்கும் முடிச்சுப் போடவே முடியாது. எனவே எண்ணைத் திரையில் காட்டாதீர்கள். பட்டத்தின் உயரமும், தொடர்பு சரி என்று சொல்லும் ஒரு பச்சை விளக்கும் தெரிந்தால் போதும். பெயரோடு எந்தப் பதிவையும் சேமிக்காதீர்கள்.