எஃப்15 எழுதுவதற்கு முன்

சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க மருத்துவமனைகளின் குறிப்புகளுக்கு மருத்துவக் கோடிங் செய்கிறேன், அதாவது மருத்துவர் எழுதிய நோயறிதலுக்கு உரிய குறியீட்டைப் பதிகிறேன். எஃப்15 என்பது ஆம்ஃபெட்டமைன் போன்ற ஊக்கிப் பொருள்களின் பயன்பாட்டுக் கோளாறுகளுக்கான குறியீடு. சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணின் கோப்பு வந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் ஆம்ஃபெட்டமைன் பாசிட்டிவ். உடனே எஃப்15.10, அதாவது சிக்கலற்ற தவறான பயன்பாடு, என்று பதிந்துவிட்டேன். தணிக்கையாளர் திருப்பி அனுப்பினார். மருந்துப் பட்டியலின் நான்காம் வரியில் அடரால் என்ற ஆம்ஃபெட்டமைன் மருந்து இருந்தது. கவனக்குறைபாட்டுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்தது. அந்த முத்திரை அந்தப் பெண்ணின் கோப்பில் பல காலம் நின்றிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

ஆகவே, முதலில் மருந்துப் பட்டியலைப் படியுங்கள். பரிசோதனை முடிவு நோயறிதல் ஆகாது. நோயறிதலை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும்.

பொருள் எது என்று பாருங்கள். மெத்தாம்ஃபெட்டமைன் (மெத்) எஃப்15இல் வரும்; கோகெய்னுக்கு எஃப்14.

அடுத்தது தீவிரம். லேசான பயன்பாட்டுக் கோளாறு என்றிருந்தால் எஃப்15.10. மிதமானது, கடுமையானது இரண்டும் சார்புநிலை, எஃப்15.20. தவறான பயன்பாடு, சார்புநிலை இரண்டையும் ஒரே குறிப்பில் எழுதியிருந்தால் சார்புநிலையை மட்டும் பதியுங்கள். நோயாளி மீண்டுவிட்டதாக மருத்துவரே குறித்திருந்தால் எஃப்15.11 அல்லது எஃப்15.21, எத்தனை மாதம் ஆயிற்று என்று நாம் கணக்குப் போடக் கூடாது.

வெறுமனே "மெத் பயன்படுத்துகிறார்" என்றிருந்தால் ஊகிக்காதீர்கள். மருத்துவருக்குக் கேள்வி அனுப்புங்கள்: "பயன்பாட்டின் தன்மையையும் தீவிரத்தையும் தெளிவுபடுத்தவும்." விடையை நீங்களே அதில் எழுதிவிடாதீர்கள்.